இரத்த வகையும் ஆளுமை வகையும்

சென்ற மாதம், இளையோர்க்கான தலைமைப் பயிற்சி முகாம் ஒன்றின் விண்ணப்பப் படிவங்கள் கட்டாக நம் மேசைக்கு வந்து சேர்ந்தன. பெயர், பிறந்த நாள், பங்கு, படிப்பு, இரத்த வகை என வழக்கமான கட்டங்கள். இரத்த வகைக்கு அடுத்தாற்போல் இதுவரை நாம் கண்டிராத கட்டம் ஒன்று: ஆளுமை வகை. விண்ணப்பிப்போர் கைப்பேசியில் ஓர் இணையதளத்துக்குச் சென்று, அங்குள்ள தேர்வை முடித்து, அது தரும் நான்கு ஆங்கில எழுத்துகளை அக்கட்டத்தில் நிரப்ப வேண்டுமாம். அவ்வெழுத்துகளைக் கொண்டே குழுக்கள் பிரிக்கப்படும், குழுத் தலைவர்களும் அமர்த்தப்படுவர் என்று அடிக்குறிப்பு சொல்லிற்று. கட்டம் என்றதும் வாசகர்க்குச் சாதகக் கட்டம் நினைவுக்கு வருமாயின், குறை அவர்மேல் அன்று.

ஈண்டு நாம் வினவ விரும்புவது ஒன்றே. இவ்விரு கட்டங்களும் ஒரே வரிசையில் நிற்கத் தக்கவையா?

இரத்த வகைகளை ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901இல் கண்டறிந்து வெளியிட்டார். 1930இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். சிவப்பணுக்களின் மேல் இன்ன பொருள் இருக்கிறது அல்லது இல்லை என்பதே அங்குப் பிரிவினை. தை மாதத்தில் ஏ வகையாக இருந்தவர் பங்குனியில் பி வகை ஆவதில்லை. எலும்பு மஜ்ஜை மாற்றம் போன்ற அரிய நிலைகள் நீங்கலாக. மதுரையில் சோதித்தாலும் மணிலாவில் சோதித்தாலும் விடை ஒன்றே. அப்படியிருந்தும், நாம் வாயால் சொல்லும் இரத்த வகையை எந்த மருத்துவமனையும் ஏற்பதில்லை. ஊசி குத்தி மறுபடியும் சோதித்த பிறகே குருதி ஏற்றுவர். ஆளுமைத் தேர்வோ, நம் வாய்ச்சொல் ஒன்றை மட்டுமே நம்பி நிற்பது. நம்மைப் பற்றி நாம் சொன்னதை வாங்கி, நான்கு எழுத்தாகச் சுருக்கி, நம்மிடமே அறிவியல் முடிவாகத் திருப்பித் தருவது.

இந்த நான்கெழுத்து எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது சொல்லியாக வேண்டும். அமெரிக்க நாட்டைச் சேர்ந்த காதரின் குக் பிரிக்ஸ் என்னும் தாயும், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்னும் அவர் மகளும் இதன் மூலவர்கள். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங், உளவியல் வகைகளைப் பற்றி 1921இல் ஒரு நூல் வெளியிட்டார். 1923இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது தாய் அதில் தோய்ந்துபோனார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஆடவர் போர்முனைக்குச் செல்லப் பெண்கள் பெருந்தொகையாகத் தொழிற்சாலைகளுக்கு வந்தனர்; யாருக்கு எவ்வேலை பொருந்தும் என்று காண உதவும் எனக் கருதி மகள் ஒரு வினாத்தாளை அமைக்கத் தொடங்கினார். இருவருமே உளவியலை முறையாகப் பயின்றவர் அல்லர். மகள் அரசியல் அறிவியல் பட்டதாரி. துப்பறியும் புதினம் எழுதிப் பரிசு பெற்றவர். பட்டமில்லாமையை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. பட்டம் பெற்ற பலர் செய்யாத அளவுக்கு அப்பெண்மணி பல்லாண்டுகள் உழைத்தார் என்பதும் மெய்யே.

அவர் வகுத்தவை நான்கு இணைகள். புறத்தை நாடும் இயல்பு, அகத்தை நாடும் இயல்பு. புலன்வழி அறிதல், உள்ளுணர்வால் அறிதல். சிந்தையால் முடிவு செய்தல், உணர்வால் முடிவு செய்தல். திட்டமிட்டு ஒழுகல், வந்ததை வந்தபடி ஏற்றல். ஒவ்வோர் இணையிலும் ஒருவர் ஏதேனும் ஒரு பக்கமே நிற்க வேண்டும். இவ்வாறு பதினாறு வகை மாந்தர். யுங்கே தம் நூலின் அர்ஜென்டினப் பதிப்புக்கு 1934இல் எழுதிய முன்னுரையில், மனிதரை இப்படிப் பெயரிட்டு அடுக்குவது சிறுபிள்ளை விளையாட்டுக்கு ஒப்பானது என்ற பொருள்பட எச்சரித்திருந்தார். அந்த முன்னுரையைப் படித்தவர் எத்தனை பேரோ!

பிழை எங்கே என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு பங்கின் இளைஞர் அனைவரையும் சுவர் ஓரமாக நிறுத்தி, 165 சென்டிமீட்டரில் ஒரு கோடு கிழிப்பதாக வைத்துக்கொள்வோம். கோட்டுக்கு மேலிருப்போர் நெடியோர், கீழிருப்போர் குறியோர். இனி 164 உள்ளவரும் 166 உள்ளவரும் வெவ்வேறு இனம்; 166 உள்ளவரும் 190 உள்ளவரும் ஒரே இனம்! மாந்தரில் பெரும்பாலோர் நடுவில் நிற்பதால், நடுவே விழும் கோட்டின் இருமருங்கிலும் கூட்டம் நெருக்கியடித்து நிற்கும். காலணியைக் கழற்றி மாட்டினால் இனம் மாறிவிடும். ஆளுமையும் இவ்வாறே. புறநாட்டமும் அகநாட்டமும் இரு தனித்தனிக் குவியல்களாக மக்களிடையே கிடக்கவில்லை. நடுவில் திரண்டு இருபுறமும் மெலியும் ஒரே குவியலாகவே கிடக்கின்றன. ராபர்ட் மெக்ரே, பால் கோஸ்டா என்னும் ஆய்வாளர் இருவர் 1989இல் இத்தேர்வை ஆராய்ந்து, தனித்தனி வகைகள் உண்டு என்பதற்குச் சான்று காணவில்லை என்றனர்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு தேர்வு, ஓர் எழுத்தை நூற்றுக்கு எண்பத்தைந்து முறை மாறாமல் தருகிறது என்று தாராளமாகவே கொள்வோம். இரண்டு எழுத்தும் மாறாமலிருக்க வாய்ப்பு 72, மூன்றுக்கு 61, நான்குக்கு 52. ஆக, இரண்டாம் முறை தேர்வெழுதுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேறு வகையாகி விடுவர். இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிட்டெங்கர் 1993இல் ஆய்வு முடிவுகளைத் தொகுத்துரைத்தபோது, ஐந்தே வாரம் கழித்து மறுபடி எழுதியோரில் பாதிப்பேர் வரை வகை மாறியதை எடுத்துக்காட்டினார். அதுவும், கட்டணம் செலுத்தி, பயிற்சி பெற்றவர் முன்னிலையில் எழுதப்படும் மூலத் தேர்வின் நிலை. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை அம்மூலத் தேர்வே அல்ல. எழுத்துகளை மட்டும் கடன் வாங்கி, வினாக்களைத் தாமே அமைத்துக்கொண்டவை. அவற்றுள் பல எவ்விதச் சோதனைக்கும் உட்பட்டதாகத் தெரியவில்லை. நேற்றிரவு யாரோ ஒருவர் பொழுதுபோக்காக எழுதிய பத்து வினாவும் அதே நான்கெழுத்தையே தருகிறது. பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

ஒரு தராசில் காலையில் ஒரு கிலோ அரிசியும் மாலையில் அதே அரிசி முக்கால் கிலோவும் நிறுத்தால், கடைத்தெருவில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அரிசிக்கு உள்ள மதிப்பு ஆளுக்கு இல்லையா?

"ஆனால் என்னைப் பற்றி அச்சுப் பிசகாமல் சொல்லிவிட்டதே" என்பார் பலர். இவ்வியப்பு புதிதன்று, அது சோதிக்கப்பட்டும் விட்டது. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்னும் அமெரிக்க உளவியல் ஆசிரியர் தம் மாணவர் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவர்க்கும் அவரவர் பெயரிட்ட ஆளுமைக் குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் இடச் சொன்னார். ஐந்துக்குச் சராசரி 4.26 கிடைத்தது. பின்னரே உண்மையை உடைத்தார்: அனைவர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு! பிறர் தம்மை விரும்ப வேண்டும் என்ற ஏக்கம், வெளியில் கட்டுப்பாடும் உள்ளே கவலையும், இன்னும் பயன்படுத்தாத திறமை என யாருக்குத்தான் பொருந்தாத செய்திகள் அதில் இருந்தன? அவ்வரிகளை அவர் எடுத்த இடம், பத்திரிகைக் கடையில் வாங்கிய சோதிட நூல். நம்மவர் கவனிக்க வேண்டியது இவ்விடம்தான். வார ராசிபலனைப் பார்க்கும் பக்கத்து வீட்டாரைப் பார்த்து நகைக்கும் படித்த இளைஞர், பன்னிரண்டைப் பதினாறாக்கித் தந்தால் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறார்.

இணையத்தில் மிகுதியும் நாடப்படும் தளம் ஒன்று பதினாறு வகைக்கும் சூட்டியுள்ள பெயர்களை நாம் வரிசையாகப் படித்துப் பார்த்தோம். சிற்பி, தளபதி, பாதுகாவலர், வழக்காடுபவர், இணக்கம் செய்பவர் என்ற பாங்கில் எல்லாமே பட்டமளிப்பு விழாப் பெயர்கள். சோம்பேறி, கஞ்சர், கோள் சொல்பவர் என ஒருவகைகூட இல்லை. கிரேக்கரான தியோஃபிராஸ்டஸ் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் முப்பது வகைக் குணத்தாரைத் தீட்டினார். முகத்துதி செய்பவர், வாயாடி, கஞ்சர், கோழை என அத்தனையும் குறையுள்ள மனிதர்கள். அவர் எழுதியது சிரிக்க வைக்கும். சற்றுச் சுடவும் செய்யும். வாடிக்கையாளரை இழக்க விரும்பாத கடைக்கு அது ஆகாது.

இனி, நம்மை இவ்வளவு எழுதத் தூண்டிய நிகழ்ச்சி. நம் பங்கில் ஒரு பெண்பிள்ளை. தமிழில் இளங்கலை முடித்தவள். ஞாயிறுதோறும் ஐந்தாம் வகுப்பு மறைக்கல்விப் பிள்ளைகள் நாற்பது பேரை அவள் நடத்தும் அழகைத் தலைவாசலில் நின்று நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பி.எட். சேரப் போகிறாள் என்றே எண்ணியிருந்தோம். விண்ணப்பத்தின் கடைசி நாளும் கடந்தபிறகு ஒருநாள் கேட்டபோது, "எனக்கு வாத்தியார் வேலை ஒத்துவராது ஃபாதர். நான் ஐ.என்.எஃப்.பி." என்றாள். கூட்டத்தின் முன் நிற்கும் தொழில் தன் வகைக்கு ஏற்றதல்ல என்று படித்தாளாம். தற்போது ஒரு கணக்கர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை நாப்பது பிள்ளைகளை மேய்க்கிறியே, அது என்ன?" என்றோம்.

"அது வேற ஃபாதர். அதுங்க நம்ம பிள்ளைங்க."

அத்தேர்வை அவள் கைப்பேசியிலேயே திறந்து காட்டச் சொன்னோம். ஏறத்தாழ அறுபது கூற்றுகள். ஒவ்வொன்றையும் ஏற்கிறீரா, மறுக்கிறீரா என்று குறிக்க வேண்டும். புதியவர்களிடம் தாமாகச் சென்று பேசுவீரா, விருந்துகளில் கலந்துகொள்வதில் மகிழ்வீரா என்னும் போக்கில் அமைந்தவை பல. அவள் எல்லாவற்றுக்கும் உண்மையாகவே விடையளித்திருந்தாள். மாலை ஆறு மணிக்குமேல் வாசல் தாண்டக்கூடாது, அறிமுகமில்லாதவரிடம் பல்லைக் காட்டிப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண் வேறென்ன விடை தருவாள்? அவள் தம்பி இரவு பதினொரு மணிக்குத் தெருமுனையில் நின்று நண்பர்களோடு அரட்டை அடிப்பவன்; அவனுக்குப் புறநாட்டத்தார் என்று வந்ததாம். ஒரே வீட்டில் ஆண்பிள்ளைக்கு ஒரு சட்டமும் பெண்பிள்ளைக்கு ஒரு சட்டமும் இருப்பதை அத்தேர்வு மிகத் துல்லியமாகவே அளந்துவிட்டது! அளந்தது வீட்டின் கட்டுப்பாட்டை. ஒட்டிய சீட்டோ பெண்ணின் இயல்பு என்பது. தேர்வை எழுதியோர் வாழும் நாட்டில் விருந்துக்குச் செல்வதும் செல்லாததும் ஒருவர் விருப்பம். நம் சிற்றூர்ப் பெண்ணுக்கு அது விருப்பத்தைச் சார்ந்ததா? பிறிதொரு சமூகத்துக்குத் தைத்த சட்டையை மாட்டிவிட்டு, உன் தோள் கோணல் என்று சொல்வது போன்றதன்றோ இது?

தொழில் வழிகாட்டலுக்கு மூலத் தேர்வைப் பயன்படுத்துவதற்கே போதிய நல்லாய்வுச் சான்று இல்லை என்று அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு 1991இலேயே அறிக்கை தந்துவிட்டது. அவள் பிறப்பதற்கு முன்பே வந்த அறிக்கை. ஆயினும் ஓராண்டு போயிற்று.

பிறரை மட்டும் குறை கூறி ஒதுங்க நமக்கு உரிமையில்லை. 1990களில் நாம் இறையியல் பயின்ற நாள்களில், இத்தகைய வகைப்பாடுகள் தியானங்களிலும் புத்தாக்கப் பயிற்சிகளிலும் புதுமையாக உலவின. இன்ன வகையாருக்கு இன்ன செபமுறை என்று வகுத்துரைக்கும் ஆங்கில நூல் ஒன்று 1984இலேயே அமெரிக்கக் கத்தோலிக்கரிடமிருந்து வந்திருந்தது. ஒன்பது முனைக் குறியை வைத்து ஆளை ஒன்பதாகப் பிரிக்கும் எனியகிராமும் அக்காலத்தில் துறவற இல்லங்களில் புகுந்ததே. ஆன்மிக வளர்ச்சிக்கு அதைக் கருவியாக்குவது குழப்பம் விளைவிக்கும் என 2003இல் வத்திக்கான் ஆவணம் ஒன்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பயிற்சியில் நமக்கும் நான்கெழுத்து கிடைத்தது: அகநாட்டத்தார். கிடைத்த நாளிலிருந்து நமக்கு எவ்வளவு வசதி! முதல் பங்கில் வீடு சந்திக்கச் செல்லாமல் அறையில் நூலோடு அமர்ந்திருந்ததற்கு அதுவே விளக்கம். நோயுற்றிருந்த ஒரு முதியவர், சாமி ஒருமுறைகூட வரவில்லையே என்று சொல்லிச் சொல்லி இறந்தார் என அவர் மகன் வந்து கூறும்வரை அவ்வெழுத்தின் நிழலில் குளிர்ந்திருந்தோம். சோம்பலுக்கு உளவியல் பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தோம் போலும். இப்போது அதே தேர்வை இணையத்தில் இரு கிழமை இடைவெளியில் இருமுறை எழுதிப் பார்த்தோம். முதன்முறை அகநாட்டத்தார், திருவிழா முடிந்த மறுநாள் எழுதியபோது புறநாட்டத்தார்.

இசபெல் மையர்ஸ் இறந்த 1980ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலின் தலைப்பு, புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. வெவ்வேறு வரங்கள் என்பது அதன் பொருள். பவுல் அங்குப் பேசுவது வரங்களைப் பற்றி. பெற்றதைப் பிறருக்காகச் செலவிடச் சொல்கிறார். ஒருவர் தம்மைப் பற்றித் தாமே நிரப்பும் வினாத்தாளிலிருந்து அவ்வரங்கள் வெளிப்படும் என்று அவர் சொன்னதாக நாம் படித்ததில்லை.

விளையாட்டாகச் செய்வதை இத்துணைப் பெரிதுபடுத்துவானேன் என்று கேட்கலாம். விளையாட்டுத் தேர்வு ஒன்று எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் கூறுவோம். 2014இல் ஃபேஸ்புக் தளத்தில் ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலி உலவியது. எழுதியோர் ஏறத்தாழ 2,70,000 பேர். ஆனால் அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் அதன்வழி அள்ளப்பட்டு, 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலானோரின் தகவல்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் அரசியல் பரப்புரை நிறுவனத்தின் கைக்குப் போயின. 2018இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. தனியுரிமை மீறலுக்காக ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு 2019இல் 500 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தேர்வெழுதியவர் தம் குணத்தை அறிந்தாரோ இல்லையோ, தேர்வு வைத்தவர் அவரை அறிந்துகொண்டார்.

உளவியல் அளவைகள் அனைத்தும் பொய் என்பது நம் கருத்தன்று. ஆய்வாளர் இன்று பெரிதும் கையாளும் ஐம்பெரும் பண்பு அளவை, மனிதரை வகைகளாக வெட்டுவதில்லை. ஒவ்வொரு பண்பிலும் ஒருவர் எவ்வளவில் நிற்கிறார் என்று எண்ணால் மட்டும் சொல்கிறது. அதிலும் வாய்ச்சொல்லின் குறை உண்டு. ஆனால் நடுவில் நிற்பவரை நடுவில் நிற்க விடுகிறது. கூச்சமுள்ள பிள்ளையைக் கூச்சமுள்ள பிள்ளை என்று சொல்வதிலும் தவறில்லை. அடுத்த ஆண்டு கூச்சம் தெளியலாம் என்ற இடம் அச்சொல்லில் இருக்கிறது. அகநாட்டத்தார் என்னும் முத்திரையில் அவ்விடம் அடைபட்டுப் போகிறது.

பெரிய நிறுவனங்களே பயன்படுத்துகின்றன என்னும் வாதமும் நம் காதில் விழுந்தது. மூலத் தேர்வின் உரிமையாளர்களே, பணிக்கு ஆள்களைத் தெரிவு செய்யவும் கழிக்கவும் இதைக் கையாள்வது முறையன்று என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கின்றனர். குழுத் தலைவரைத் தெரிவு செய்ய நான்கெழுத்தைக் கேட்கும் முகாமினர், பொருளை விற்பவரே செய்யாதீர் என்பதைச் செய்கின்றனர்.

நம் மேசையில் உள்ள படிவங்களில் அப்பெண்ணின் படிவமும் ஒன்று. ஆளுமை வகைக் கட்டத்தில் நான்கெழுத்தைத் திருத்தமாக எழுதியிருக்கிறாள். இரத்த வகைக் கட்டம் மட்டும் வெற்றாக இருக்கிறது; இதுவரை சோதித்துப் பார்த்ததில்லையாம். அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சோதித்து வரச் சொல்லியிருக்கிறோம். மற்றக் கட்டத்தை நம் பங்கினர் படிவங்கள் அனைத்திலும் அடித்துவிட்டு, குழுத் தலைமைக்கு அவள் பெயரைப் பரிந்துரைத்து, ஐந்தாம் வகுப்பை அவள் நடத்தும் முறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி இணைத்து முகாமினருக்கு அனுப்புகிறோம். அடித்த படிவங்களை ஏற்பார்களா என்று தொலைபேசியில் கேட்டோம். கலந்து பேசிச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.